பதினோராவது நிமிடத்து இறக்கம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ப்ரோகிரசிவ் ராக் என்கிற நீளநீளமான இங்கிலீஷ் பாட்டு கேட்கிற ஆள் ஒரே ஒருவர்தான். பெயர் பூமாலை, வயது அறுபத்து மூன்று, தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கர் கரும்பு. இரண்டாவதாக ஒருவர் உண்டென்றால் அது அப்துல் ஜப்பார். ஆனால் ஜப்பார் கேட்டது ரசனையால் இல்லை, பயத்தால்.

இந்தப் பயம் ஆரம்பித்தது எண்பத்து நான்கில். அப்போது ஜப்பார் தியாகதுருகம் கடைத்தெருவில் கேசட் பதிவுக்கடை வைத்திருந்தார். புதுப் பெண்டாட்டி பெயரில் 'மெஹ்ராஜ் ரிக்கார்டிங்'. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் நாலு லுங்கி, ஒரு கோடாலித் தைலம், இவற்றோடு ஓர் இசைத்தட்டையும் கொண்டுவந்தார். லுங்கி மடிப்பு கலையாமல் இருக்க நடுவில் தட்டையாக ஏதாவது வேண்டும் என்று அங்கே ஒரு பழைய கடையில் வாங்கினாராம். லாந்தர் பாரிஷ் என்கிற இங்கிலீஷ்காரக் குழு. ஆல்பத்தின் பெயர் 'சால்ட் காலண்டர்'. அட்டையில் கடல் வற்றிப்போன கரையில் ஒரு நாற்காலி. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். அதற்குள் உலை வைத்து, சோறு வடித்து, சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம். மெஹ்ராஜ் பேகம் ஒருநாள் அப்படியே செய்துவிட்டு வந்து, "இன்னும் மொத பாட்டுதான் ஓடுதா?" என்று கேட்டார்.

சினிமாப் பாட்டு பதியவந்த இளைஞன் பூமாலை, கடை வாசலில் நின்றபடியே கரண்டு போகும்வரை பத்து நிமிடம் கேட்டான். கேட்டு முடித்தபோது காலில் எறும்பு ஏறிக் கடித்து இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. அது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"பாய், எனுக்கு இத ஒரு அறுவது நிமிஷக் கேசட்ல போட்டுக் குடு" என்றான்.

ஜப்பார் தொழிலில் சுத்தக்காரர். டேப் சீராக ஓட வேண்டும் என்பதற்காகப் பதிவு மெஷினையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு லாரி பேட்டரியில் ஓட்டினார். இசைத்தட்டு சுழலுகிற பிளேயர் மட்டும் கவர்மெண்டு கரண்டு. அன்றைக்கு மத்தியானம் பதிவைப் போட்டுவிட்டு ஜப்பார் தொழுகைக்குப் போனார். அவர் போன நேரத்தில் மும்முனை மின்சாரம் விட்டார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் எழுந்தன. கடைத்தெரு பல்பெல்லாம் பூசணிப்பூ நிறத்துக்கு வந்தன. பிளேயர் சோர்ந்து, தட்டு மெதுவாகி, பாட்டு சேற்றில் எருமை அமிழ்வதுபோல ஒன்றரை நிமிடம் கீழே கீழே போய், மறுபடி தள்ளாடி எழுந்து நடந்தது. பேட்டரியில் இருந்த மெஷின் இது எதையும் கண்டுகொள்ளாமல் அப்படியே எழுதிக்கொண்டது.

ஜப்பாருக்கு இது மறுநாள்தான் தெரிந்தது. அதுவும் பூமாலை சொல்லித்தான். காலை ஆறரைக்கு, கடை திறக்கும் முன்பே, கண் சிவந்து வந்து நின்றான்.

"பதினோராவது நிமிஷத்துல ஒரு எறக்கம் வருது பாய். அந்த ஆர்கன்காரன் மேல மேல ஏறிக்கினே போறான். இதுக்கு மேல எங்க போவான்னு நெனைக்கிறேன், அப்டியே எறங்கறான். கச்சிராயபாளயத்துக்கு மலையில இருந்து வண்டிய நியூட்டர்ல வுட்டமாதிரி. அடி வவுத்துல போயி நிக்குது. எங்க அப்பா செத்தப்ப எனுக்கு அழுக வரல. நேத்து அழுதேன்."

ஜப்பார் வாயைத் திறந்தார். 'அது கரண்டு கம்மியானதுப்பா, கேசட்டக் குடு, திருப்பிப் போட்டுத் தரேன்' என்று சொல்ல வேண்டியதுதான். பூமாலை அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒற்றிய கையை உடனே உருவிக்கொண்டு உண்மையைச் சொல்கிற தைரியம் ஜப்பாருக்கு இல்லை. வர்ற வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கிழமைகள் வந்து போயின.

அதற்குள் பூமாலைக்கு ஒரு கல்யாணம், ஒரு மகள், நூறு கேசட்டுகள் ஆகியவை சேர்ந்தன. லாந்தர் பாரிஷின் மற்ற எட்டு ஆல்பங்களையும் எங்கெங்கோ எழுதிப்போட்டு வரவழைத்தார். ஆறாவது ஆல்பத்தில் டிரம்ஸ்காரர் மாறியதற்காக மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. இந்தக் குழுவுக்கு ஏழு தட்டுத் தாளம் பிடிக்கும். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகும்போது மாட்டுவண்டியில் டேப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வெட்டுப் பருவம் முடிவதற்குள் அவருடைய மாடுகள் ஏழடி வைத்து ஒரு நொடி நின்று மறுபடி ஏழடி வைக்கப் பழகிவிட்டன. பின்னால் வந்த வண்டி மாடுகளும் அதைப் பார்த்துப் பழகின. மணலூர்பேட்டையிலிருந்து மில் வாசல்வரை நாற்பது வண்டியும் ஏழுக்கு ஏழாக நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிற்பாடு அந்த ஜோடியைச் சந்தையில் வாங்கிய ஆள், "மாடு நல்ல மாடுதான், ஆனா எதுக்கோ யோசிக்குது" என்று திருப்பிக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்.

ஆனாலும் ஒன்பது ஆல்பத்தையும் ஒரு தட்டில் வைத்து, அந்த ஒன்றரை நிமிட இறக்கத்தை இன்னொரு தட்டில் வைத்தால், பூமாலைக்கு இறக்கம்தான் கனம். மூல இசைத்தட்டோ சாட்சி சொல்ல உயிரோடு இல்லை. தொண்ணூற்று ஏழில் மெஹ்ராஜ் பேகம் அதை ஆப்பமாவுச் சட்டிக்கு மூடியாகப் போட்டு வெயிலில் வைத்துவிட, அது வளைந்து மாவோடு மாவாகிவிட்டது. ஜப்பார் அன்றைக்கு மனைவியைத் திட்டவில்லை. பிரியாணிக்குக் கறி வாங்கிவந்தார்.

ஆபத்து இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வந்தது. மகள் ராதிகா கல்லூரி லீவில் வந்தவள் அப்பாவிடம் தன் செல்போனைக் கொடுத்து, "இந்தாப்பா உன் பாட்டு" என்றாள். பூமாலை ஒயரைக் காதில் மாட்டிக் கேட்டார். பதினோராவது நிமிடம் தாண்டியதும் ஒயரைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் ஜப்பாரிடம் வந்து சொன்னார்:

"போன்ல இருக்கறது சுருக்கம் பாய். எறக்கத்த வெட்டிட்டானுவோ. என்னுது இருவத்து நாலரை நிமிஷம். இது இருவத்து மூணுதான். கணக்கு சரியா வருது பாரு."

"ஆமா ஆமா, கம்பெனிக்காரன் வெட்டியிருப்பான்" என்றார் ஜப்பார். பொய் சொல்வது அவருக்கு இப்போது மூச்சு விடுவதுபோல் பழகியிருந்தது. மூச்சு முட்டியது வேறு விஷயம்.

அதன் பிறகு கேசட் காலம் போய், சி.டி. காலம் போய், கடை செல்போன் கவர் விற்கிற கடையானது. பூமாலைக்கு இடது காது போனது. சென்ற தை மாதம் விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்த்தார்கள். வலது காதும் தீபாவளி தாண்டாது என்று டாக்டர் சொன்னார். மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும், பாட்டு தகர டப்பாவில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பூமாலை பஸ்ஸில் ஜப்பாரைத் தன் வலது பக்கம் உட்காரவைத்தார். உளுந்தூர்பேட்டை தாண்டியதும், "பெரிய ஸ்பீக்கர்ல நேர்ல வாசிச்சா இன்னும் கேக்கும்ல பாய்?" என்று கேட்டார்.

கேட்ட நேரம், சித்திரையில் அந்தச் செய்தி வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஐந்து பேர் 'செகண்ட் லாந்தர்' என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். லாந்தர் பாரிஷ் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு லட்சியம் இல்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே, கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு 'சால்ட் காலண்டர்' முழுவதும் வாசிக்கப்போகிறார்கள். ராதிகாதான் அதைப் போனில் பார்த்துச் சொன்னாள்.

"கெடச்சிடுச்சி பாய்" என்றார் பூமாலை. "காது இருக்கசொல்லவே கெடச்சிடுச்சி. முழுசா ஒரு தபா நேர்ல கேட்டுட்டா போதும். அப்பால இந்தக் காது எந்த சாக்கடைலயாவது வுழுட்டும்."

ஜப்பாருக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. அச்சு அசலாக வாசிக்கிற பிள்ளைகள் பதினோராவது நிமிடத்தில் இறங்கமாட்டார்கள், நேராகப் போய்விடுவார்கள். நாற்பத்தொரு வருடம் கண்ணில் ஒற்றிக்கொண்ட பொருள் இங்கிலாந்தில் செய்ததில்லை, கிணற்று மோட்டார் செய்தது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்துபோகும். அதுவும் காதுக்குக் கிடைக்கிற கடைசிப் பாட்டில்.

மெஹ்ராஜ் பேகத்திடம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "இப்பவாச்சும் சொல்லிடுங்க" என்றார்.

"எப்டி சொல்றது?"

"வாயாலதான்."

அது ஜப்பாருக்கு முடியாது. அவர் வேறு வழி யோசித்தார். மலையில் அந்தத் தோட்டத்துக்கு லைன் கரண்டு போதாது, ஜெனரேட்டர்தான். ஜெனரேட்டர் கொண்டுபோகிறவன் கச்சிராயபாளையம் தமிழழகன், மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் கல்யாணத்துக்குப் பாட்டுத் தொகுத்துக் கொடுத்தது ஜப்பார். நேரில் போய்ப் பார்த்தார்.

"தமிழு, பாட்டு நடுவுல நான் தொப்பிய கழட்டுவேன். அப்ப ஜெனரேட்டர ஒரு ஒன்றரை நிமிஷம் கம்மி பண்ணு. நிறுத்திடாத. கம்மி மட்டும். அப்பால நான் தொப்பி போட்டதும் ஏத்திடு."

"எதுக்கு பாய்?"

"ஒரு எறக்கம் வேணும்."

தமிழழகன் நாலு தலைமுறை ஜெனரேட்டர் ஓட்டியவன்போலத் தலையாட்டினான். "கம்மி பண்ணுன்னா கம்மி பண்றேன். எனுக்கு இன்னா."

எண்பத்து நான்கில் கரண்டு குறைந்தால் தட்டு மெதுவாகும், பாட்டு இறங்கும். ஜப்பாருக்குத் தெரிந்த மின்சாரம் அதுதான். நாற்பது வருடத் தொழில் அனுபவத்தில் அவர் செய்த கணக்கில் பிழை ஒன்றுமில்லை, வருடம் ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தார்கள். பூமாலை வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் அந்த அறுபது நிமிடக் கேசட். பாட்டுக்காரர்களிடம் காட்டுவதற்காம். ஜப்பார் அதைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுவதாகச் சொல்லிச் சமாளித்தார்.

தோட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் கூடாரத்துக்குள் தூங்கினார்கள். மீதிப்பேர் மரவள்ளிச் சிப்ஸ் தின்றார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மேடை என்று சொல்லப்பட்டது நாலு பலகை. அதன் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். பூமாலை நேராகப் போய் இடப்பக்க ஸ்பீக்கருக்கு மூன்றடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வலது காதை அதற்குக் கொடுத்து உட்கார்ந்தார்.

கீபோர்டு வாசிக்கிற பையன் நிஷாத் ஓடிவந்தான். "ஐயா, அங்க ரொம்ப சத்தமா இருக்கும். பின்னாடி உக்காருங்க."

"அதுக்குத்தான் தம்பி இங்க உக்காந்துக்கினு இருக்கேன். எட்டாவது ஆல்பத்துல நாலாவது பாட்டு, அதுல ரெண்டாவது ஆர்கன் சோலோ. அது நீ வாசிப்பியா?"

நிஷாத் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான். பிறகு திரும்பிக் கத்தினான்: "அபிநயா, இங்க வாயேன். எட்டாவது ஆல்பம் கேட்ட மனுஷன் ஒருத்தர் வந்திருக்கார்."

டிரம்ஸ் வாசிக்கிற அபிநயா வந்து பூமாலையின் காலைத் தொட்டாள். பெங்களூரில் இரண்டு வருடமாக இருபது மேடை ஏறியும், எட்டாவது ஆல்பத்தைக் கேட்ட ஓர் ஆளைக்கூட அவர்கள் பார்த்ததில்லையாம். பூமாலை கேசட்டை எடுத்துக் காட்டப் போனார், என்ன நினைத்தாரோ, பையிலேயே வைத்துக்கொண்டார். ஜப்பார் மூச்சு விட்டார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பாட்டு தொடங்கியது.

அந்தப் பிள்ளைகள் வாசித்ததைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. மரத்திலிருந்த குரங்குகள் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. சிப்ஸ் தின்றவர்கள் வாயை மூடித் தின்றார்கள். பூமாலை அசையவே இல்லை. வலது கை மட்டும் முழங்காலில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தது. ஜப்பார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பத்து. ஆர்கன் ஏறத் தொடங்கியது. ஜப்பாருக்கு அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு படியும் மனப்பாடம்.

பூமாலையின் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணப் பந்தலில் பெண்ணை அழைத்துவரும்போது மாப்பிள்ளை பார்க்கிற பார்வை. இறக்கத்துக்குக் காத்திருக்கிறார் என்று ஜப்பார் நினைத்தார். வராவிட்டால் இந்த முகம் என்ன ஆகும்?

தொப்பியைக் கழற்றினார்.

மரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரின் குரல் தடித்தது. மேடை விளக்குகள் மங்கி, அதே பூசணிப்பூ நிறத்துக்கு வந்தன. ஜப்பாருக்கு ஒரு கணம் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றியது. ஆனால் பாட்டு இறங்கவில்லை. நிஷாத்தின் கீபோர்டு கண்ணை மூடியது. கிடார்களின் சத்தம் அறுந்தது. தமிழழகன் பயந்துபோய் ஒரே திருகாகத் திருகிவிட, கரண்டு எகிறி, ஸ்பீக்கர் இரண்டும் ஒரு முறை வெடித்தன. கூடாரத்தில் தூங்கியவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். குரங்குகள் மலை இறங்கின.

அபிநயா மட்டும் விடாமல் ஏழு தட்டை அடித்துக்கொண்டிருந்தாள். கரண்டு தேவைப்படாத வாத்தியம் அது ஒன்றுதான். நாலு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு அவளும் குச்சியைக் கீழே வைத்தாள்.

அரைமணி நேரம் எதை எதையோ கழற்றி மாட்டினார்கள். தீய்ந்த வாசனை வந்ததுதான் மிச்சம். கடைசியில் நிஷாத் வந்து பூமாலையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சாரிங்க ஐயா. கீபோர்டு போயிடுச்சு. அடுத்த வருஷம் இதே மலையில உங்களுக்காகவே முழுசா வாசிக்கிறோம்."

பூமாலை அவன் உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். "நல்லா வாசிச்ச தம்பி. போயி டீ சாப்புடு" என்றார். கொஞ்சம் அதிகச் சத்தமாகச் சொன்னார்.

தமிழழகன் ஜப்பாரை ஓரங்கட்டினான். "நீ சொன்னமாதிரியே பண்ணேன் பாய். எறங்குச்சா?"

ஜப்பார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு. ஜன்னல் பக்கம் பூமாலை, அவருடைய வலது பக்கம் ஜப்பார். பஸ் வெள்ளிமலையைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. பூமாலை சட்டைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ராதிகா போன்ல போட்டு வுட்டாளே, அன்னிக்கே எனுக்குத் தெரியும் பாய்" என்றார்.

ஜப்பார் திரும்பினார்.

"பாட்டு எறங்கல. நேராப் போச்சு. கம்பெனிக்காரன் வெட்டுனா நடுவுல ஒட்டு தெரியும். தெரியல. ராத்திரி பூரா யோசிச்சேன். உன்கிட்ட கேசட்டக் குடுத்த அன்னிக்கு மத்தியானம் த்ரீ பேஸ் வுட்டான். மொத ஆளா மோட்டாரப் போட்டவன் நான்தான். கரும்புக்குத் தண்ணி பாயலன்னு எங்க அம்மா பேசிப்பேசி, ஓடிப்போயிப் போட்டேன். என் மோட்டாருதான் என் பாட்ட எறக்குச்சி."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பூமாலை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மறுநாளு வந்து சுருக்கம்னு சொன்னதே நீ வாயத் தொறப்பியான்னு பாக்கத்தான். நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். சொல்ல மாட்டேங்கற. சரி, மனுஷன் இத்தினி வருஷம் எனுக்காவக் காப்பாத்திக்கினு வரான், நம்ம எதுக்கு ஒடைக்கணும்னு வுட்டுட்டேன். போன்ல அந்த எடம் தாண்டுனதும் நிறுத்திட்டேன். மீதிய கேக்கவே இல்ல. நேரா போனா அது எங்க போயி சேருது, அத ஒரு நாளு பெரிய ஸ்பீக்கர்ல, ஆளுங்க வாசிக்க, நேர்ல கேக்கணும்னு பதிமூணு வருஷமா எடுத்து வெச்சேன். இன்னிக்கு ஆர்கன் ஏறிக்கினு வந்துது பாரு, இதோ இதோன்னு இருந்தேன்."

ஜப்பார் பூமாலையின் முழங்கையைப் பிடித்தார். வலது காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனார். நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அவருக்குச் சொல்ல வந்தது.

"நான்தான்யா கரண்ட கம்மி பண்ணச் சொன்னேன். தொப்பிய கழட்டி நான்தான். வேற யாரும் இல்ல. நான்தான்."

முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். பூமாலை பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி மரங்களைத் தின்றுகொண்டு வந்ததைப் பார்த்தபடி இருந்தார். முழங்கையில் பிடி இறுகியதும்தான் திரும்பினார்.

"இன்னா பாய் வாய அசைக்கிற? ஸ்பீக்கரு வெடிச்சதுல இருந்து எதுவும் கேக்கல. இந்தப் பக்கமும் பூட்டுது." அவர் வலது காதைச் சுண்டிக் காட்டினார். "தீபாவளி வரைக்கும்னு டாக்டர் சொன்னாரு. அஞ்சு மாசம் முன்னாடியே வந்துடுச்சி. ஆனா அந்த டப்பு சத்தம் நல்லா இருந்துது. கடைசியா எதனா ஒன்னு பெருசாத்தான் கேட்டேன்."

ஜப்பார் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மறுபடி போட்டுக் காட்டினார். பூமாலை அதைப் பார்த்துவிட்டு, "வேர்க்குதா? ஜன்னல் பக்கம் வரியா?" என்று கேட்டார்.

ஜப்பார் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எழுதிக் காட்டலாம். பையில் பேனா இருந்தது. வர்ற வெள்ளிக்கிழமை எழுதிக் காட்டலாம் என்று நினைத்தார்.

டிரைவர் கியரைக் குறைத்தார். கீழே கோமுகி அணைத் தண்ணீர் தகடாகத் தெரிந்தது. பூமாலையின் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் ஏழு ஏழாகத் தட்ட ஆரம்பித்தன. உள்ளே முதலிலிருந்து ஓடுகிறது என்று ஜப்பாருக்குப் புரிந்தது. பழக்கத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பத்து. பூமாலை கண்ணை மூடிக்கொண்டார். இன்று கேட்டதோடு சேர்த்து, அந்த இடத்தை நேராகத் தாண்டிவிட வேண்டும் என்று நெற்றி சுருங்கியது. ஜப்பாரும் தன்னை அறியாமல் இருக்கையில் முன்னால் நகர்ந்தார்.

பதினோராவது நிமிடத்தில் விரல்கள் மெதுவாகின. ஒவ்வொன்றாக, சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல, கீழே கீழே போயின. சரியாக ஒன்றரை நிமிடம். பிறகு தள்ளாடி எழுந்து பழைய நடைக்கு வந்தன.

அந்தக் கைக்கு வேறு வழி தெரியவில்லை. மெஹ்ராஜ் ரிக்கார்டிங்கில் பதிந்தது பதிந்ததுதான்.